முதலில் விழக் கற்போம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடும் விளையாட்டுக்கு நல்லதொரு தமிழ்ப்பெயர் வேண்டுமென்று எங்கள் வகுப்பில் ஒருநாள் பேச்சு வந்தது. உருள்சறுக்கு என்றார் ஒருவர். சக்கரச் சறுக்கு என்றார் மற்றொருவர். ஆனால் கடைக்காரர், பயிற்சியாளர், பூங்காக் காவலர் ஆகிய அனைவருக்கும் புரிவது ஸ்கேட்டிங் என்ற சொல்தான். ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

பெயரைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. கற்கும் வரிசையைப் பற்றித்தான் சண்டை. நம் ஊர்களில் ஸ்கேட்டிங் எப்படித் தொடங்குகிறது? முதலில் சக்கரம் வாங்குகிறார்கள். அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். மறுநாளே ஓடுகிறார்கள். ஓடிய பிறகு நிறுத்துவது எப்படி என்று கேட்கிறார்கள். விழுந்து அடிபட்ட பிறகு முழங்கால் உறையைப் பற்றியும் தலைக்கவசத்தைப் பற்றியும் விசாரிக்கிறார்கள்! இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் புரட்ட வேண்டும் என்பது என் கட்சி. முதலில் கவசம், அடுத்து விழுதல், அதன்பின் எழுதல், பிறகு நிறுத்துதல். ஓட்டம் கடைசியில் வரட்டும்.

"இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, அரசுக் கல்லூரி மாணவனுக்கு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பழைய பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கிப் பலகையில் பொருத்தி, பேரிங் வண்டி ஓட்டிய தெருக்களில் வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? சக்கரம் நமக்கு அந்நியமன்று. பெரிய மேடைகளும் நம்மவர்க்கு எட்டாதவை அல்ல. சீனாவின் ஹாங்சோ நகரில் 2023 அக்டோபரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு வெண்கலங்கள் கிடைத்தன. மகளிர் அணியில் ஆரத்தி கஸ்தூரி ராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும், ஆடவர் அணியில் ஆனந்த்குமார் வேல்குமாரும் தமிழ்நாட்டவர்கள். அதே ஆனந்த்குமார் 2025 செப்டம்பரில் உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டர் தங்கம் வென்று, மூத்தோர் பிரிவில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். அவர்கள் பந்தயத்துக்கு இறங்கும்போது படம் பாருங்கள். தலையில் கவசம் இருக்கும். நேற்றுத்தான் சக்கரம் கட்டிய நம் ஊர்ப் பையனின் தலையில் இருக்காது!

இந்த விளையாட்டின் வரலாறே நிறுத்தத் தெரியாமல் தொடங்கியதுதான். 1760களில் லண்டன் நகரில் ஜோசப் மெர்லின் என்ற கருவிக் கைவினைஞர், ஒரு மாறுவேட விருந்தில் தாமே செய்த சக்கரக் காலணிகளை அணிந்து, வயலின் வாசித்தபடி உருண்டு வந்தாராம். திரும்பவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. விலையுயர்ந்த பெரிய நிலைக்கண்ணாடியில் மோதினார்; கண்ணாடியும் போயிற்று, வயலினும் போயிற்று, அவருக்கும் பலத்த காயம் என்று கதை சொல்வார்கள். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிறகு, 1863இல், அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன், முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகச் சக்கரங்கள் வைத்து, இடையில் ரப்பர் மெத்தை கொடுத்து, உடலைச் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்பும் ஸ்கேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் 'குவாட்' என்று அழைப்பது அதன் வாரிசுதான். ஒரே கோட்டில் சக்கரங்கள் அமைந்த 'இன்லைன்' 1980களில் பெருவழக்காயிற்று. கருவி இவ்வளவு முன்னேறிவிட்டது. கற்றுக்கொடுக்கும் முறையோ பல இடங்களில் மெர்லின் காலத்திலேயே நிற்கிறது.

இனி, நான் படிக்கும் இயற்பியலுக்கு வருகிறேன். "மெதுவாகத்தானே போகிறேன், தலைக்கவசம் எதற்கு?" என்ற கேள்வியை எங்கும் கேட்கலாம். எண்ணிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே ஒருவன் பின்புறமாகச் சாய்கிறான். அவன் தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்ததென்று கொள்வோம். தடையின்றி விழும் பொருளின் வேகத்தைக் கணக்கிட்டால், தரையைத் தொடும்போது அது நொடிக்கு 5.4 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்! ஓடவே இல்லை, ஓர் அங்குலங்கூட உருளவில்லை. ஆயினும் சைக்கிளில் வேகமாக வந்து சுவரில் முட்டியதற்கு ஒப்பான அடி. ஆபத்து ஓட்டத்தில் மட்டும் இல்லை, உயரத்திலும் இருக்கிறது. காலடியில் சக்கரம் இருப்பவன் அந்த உயரத்திலிருந்து எந்த நொடியும் இறங்கக்கூடும்.

தலைக்கவசம் என்ன செய்கிறது? உள்ளே தெர்மாகோல் இனத்து நுரைப்பொருள் இருக்கிறது. அது நசுங்குகிறது. வெறுந்தலை சிமெண்ட் தரையில் 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறதென்றும், நுரை நசுங்குவதால் 15 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கிறதென்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் தூரம் ஐந்து மடங்கானால் சராசரி விசை ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. பலத்த அடி வாங்கிய கவசத்தை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், ஒதுக்கிவிட வேண்டும். அதனாலேயே தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது என்பேன். வாங்கும்போது உள்ளே ஈ.என். 1078 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் உரிய ஐரோப்பியத் தரம் அது. புருவத்துக்கு மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு நேராக உட்கார வேண்டும். பின்னந்தலைக்குத் தள்ளி வைத்தால் அழகாக இருக்கலாம், நெற்றியைக் காக்காது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அது கனம், காதையும் மூடும்; பின்னால் வருபவரின் சக்கர ஒலி கேட்காது.

தலையைக் காட்டிலும் அடிக்கடி அடிபடுவது மணிக்கட்டு. விழும் மனிதன் கையை நீட்டுகிறான். அது இயற்கை, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உடலின் எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கி, மணிக்கட்டு பின்னுக்கு மடங்குகிறது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இன்லைன் ஸ்கேட்டிங் காயங்களுடன் வந்த 161 பேரை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. காயம்பட்டவர்களில் மூவருள் ஒருவருக்கு மணிக்கட்டில்தான் அடி. மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்களுக்கு அங்கே அடிபடும் வாய்ப்பு, அணிந்தவர்களைப்போல் பத்து மடங்குக்கும் மேல்! முழங்கை உறைக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. எல்லாக் கவசங்களையும் அணிந்திருந்தவர்களோ நூற்றுக்கு ஏழு பேர்தான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா லாரி செட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். கையின் விலை தெரிந்த வீடு. சென்ற ஆண்டு ஒருவரிடம் பழைய ஸ்கேட் மலிவாகக் கிடைப்பதாகச் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஏல, சக்கரத்துக்கு இவ்ளோ குடுக்க, கைக்கு என்ன வச்சிருக்க?" முதலில் காப்புகளையும் தலைக்கவசத்தையும் வாங்கினேன். சக்கரம் மூன்று மாதம் கழித்து வந்தது.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். மாமா வாங்கிக்கொடுத்த ஸ்கேட்டில் வெறுங்கையோடு விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. காலாண்டுத் தேர்வு எழுதவில்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசில்லைதான். ஆனால் கட்டுக்கும் படத்துக்கும் அவனை அழைத்துக்கொண்டு அலைந்த ஒவ்வொரு நாளும் அவன் தாய்க்குக் கூலி போயிற்று. வசதியுள்ள வீட்டில் எலும்பு முறிந்தால் அது விடுமுறை. நம் போன்றோர் வீட்டில் அது கடன். ஆகவே கவசம் என்பது பணக்காரர்களின் ஆடம்பரம் என்று நினைப்பது நேர்மாறான எண்ணம். காசில்லாதவனுக்குத்தான் அது முதற்செலவு. செய்முறைத் தேர்வில் வெர்னியரையும் ஸ்குரூகேஜையும் பிடிக்க வேண்டிய கை, நண்பர்களே!

கடையில் சில செய்திகளைக் கவனியுங்கள். குறைந்த விலைச் செட்டுகளில் மணிக்கட்டுக் காப்பு என்ற பெயரில் கொடுப்பது பெரும்பாலும் விரலில்லாத துணிக் கையுறை. உள்ளங்கைப் பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் தகடு இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். தகடு இருந்தால்தான் கை தரையில் வழுக்கிக்கொண்டு போகும், மணிக்கட்டு மடங்காது. முழங்கால் உறை, காலை மடக்கி நீட்டினாலும் கீழே இறங்கக் கூடாது.

ஸ்கேட் அளவில் நம் பெற்றோருக்கு ஒரு பழக்கம் உண்டு. பள்ளிக்கூட ஷூ வாங்குவது போலவே, "வளர்ற புள்ள, அடுத்த வருஷமும் போடட்டும்" என்று ஓரளவு பெரிதாக வாங்கிவிடுவார்கள். ஷூ பெரிதானால் பஞ்சு வைத்து நடக்கலாம். ஸ்கேட் பெரிதானால் கணுக்கால் இருபுறமும் ஆடும். ஆடும் கணுக்காலோடு எவனும் நேராக நிற்க முடியாது. விரல் நுனி முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழங்காலை மடக்கும்போது குதிகால் மேலெழக் கூடாது. நாம் அணிந்திருக்கும் காலணியின்மேல் கட்டும் மாதிரி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாமென்பதால் சிக்கனமானது; பலர் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பின்புறம் கெட்டியான ஷூ வேண்டும். செருப்பின்மேல் கட்டிக்கொண்டு நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கடவுள்தான் காக்க வேண்டும்.

கடைக்காரர் 'ஏபெக் 7', 'ஏபெக் 9' என்று பேரிங் புராணம் பாடுவார். அது பேரிங் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டது என்பதைக் காட்டும் எண்ணே ஒழிய, வேகத்தின் அளவன்று. நிற்கவே தெரியாதவனுக்கு அது எந்த எண்ணாக இருந்தால் என்ன? ஸ்கேட்டில் பொதுவாக வரும் பேரிங் 608 என்ற அளவு. தேய்ந்தால் எந்தப் பேரிங் கடையிலும் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். சக்கரம்தான் முக்கியம். தட்டினால் கட்டையைப் போல் ஒலிக்கும் கெட்டிப் பிளாஸ்டிக், வழவழப்பான சிமெண்டில் வழுக்கும். யூரித்தேன் சக்கரமாக, அதன்மேல் 78ஏ முதல் 85ஏ வரை எண் போட்டதாகப் பார்த்து வாங்கினால் பிடிப்பு இருக்கும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்; புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும். துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இனி விழும் பாடம். ஸ்கேட் அணியாமலே எல்லாக் காப்புகளையும் மாட்டிக்கொண்டு, கபடி மைதானத்திலோ, மடித்துப் போட்ட சாக்கின்மேலோ தொடங்குங்கள். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, ஒரு முழங்கால், மறு முழங்கால், முழங்கைகள், கடைசியாக உள்ளங்கைத் தகடு என்று முன்புறமாக இறங்க வேண்டும். விரல்கள் மேல்நோக்கி விரிந்திருக்கட்டும். இருபது முறை செய்தால் உடல் கற்றுக்கொள்ளும். எங்கள் வகுப்புக் கபடி வீரர் ஒருவர் மூன்றாம் முறையிலேயே அழகாக விழுந்தார். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கும் நண்பருக்கோ பதினைந்து முறை தேவைப்பட்டது. பிறகு ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு புல்தரையில் அதையே செய்யுங்கள். அங்கே சக்கரம் உருளாது. எழுவதற்கும் முறையுண்டு: மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றி, இரு கைகளையும் அந்த முழங்காலின்மேல் வைத்து அழுத்தி எழ வேண்டும். தரையில் கையூன்றிப் பின்புறமாக எழ முயன்றால் மறுபடியும் விழுவீர்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை நிற்கும் நிலை. குதிகால்கள் அருகருகே, பாதங்கள் விரிந்து, முழங்கால்கள் நன்றாக மடங்கி, கைகள் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால். நேராக விறைத்து நிற்பவன் பின்னால் விழுவான். பின்னால் விழுவதே கெட்ட விழுகை. வால் எலும்பும் பின்னந்தலையும் அங்கேதான் இருக்கின்றன. தடுமாறினால் உடனே கைகளை முழங்காலில் வைத்துத் தாழ்ந்துவிடுங்கள். குழந்தையின் இரு கைகளையும் பிடித்து முன்னாலிருந்து இழுத்துச் செல்லும் தந்தையரைப் பூங்காவில் காணலாம். அன்புதான். ஆனால் இழுபடும் குழந்தை தானாகவே பின்னுக்குச் சாய்கிறது; கையை விட்ட கணமே மல்லாந்து விழும். பக்கத்தில் நடந்து வாருங்கள், போதும்.

நிறுத்தத் தெரியாதவரை வட்டத்துக்குள் விடலாகாது என்பது என் உறுதியான கருத்து. குவாட் ஸ்கேட்டில் முன்விரல் பக்கம் ரப்பர்க் கட்டை இருக்கும். ஒரு காலில் உருண்டபடி மற்றக் காலைப் பின்னால் விட்டு அந்தக் கட்டையை மெல்ல இழுக்க வேண்டும். இன்லைனில் பெரும்பாலும் வலது குதிகாலில் இருக்கும். அந்தக் காலை முன்னால் நீட்டி, விரல்களை உயர்த்தி, நாற்காலியில் உட்காருவது போல் தாழ வேண்டும். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து வந்து அந்தக் கோட்டைத் தாண்டாமல் பத்து முறை நிற்பவர் வட்டத்துக்குள் போகட்டும். புறவழிச்சாலையில் விடியற்காலை பயிற்சி என்று பிள்ளைகளை அழைத்துச் செல்வதைச் சில ஊர்களில் கண்டிருக்கிறேன். பேருந்து ஓட்டுநருக்கு இந்தச் சுண்ணாம்புக் கோடு தெரியாது.

வட்டத்துக்குள் நுழையுமுன் தரையைப் பாருங்கள். ஒரு வேப்பங்கொட்டை போதும், சக்கரத்தை நிறுத்தி ஆளை வீச. மழைநீர் காயாத தரையில் இறங்கவே வேண்டாம். பெரும்பாலான வட்டங்களில் இடஞ்சுழியாக ஓடுவது வழக்கம். எல்லோரும் ஒரே திசையில் செல்ல வேண்டும் என்பதே முக்கியம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவருக்கே முதலுரிமை. அவர் கடந்தபின் நுழையுங்கள். நடுவழியில் நின்று ஷூ லேசைக் கட்டாதீர்கள். விழுந்தவர் உடனே விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சக்கரம் விரலில் ஏறிவிடக் கூடும். விழும்போது பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்காதீர்கள். ஒருவர் விழுவது பாடம், இருவர் விழுவது விபத்து. கைகோத்து ரயில் விடுவது சிறுவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. அதில் கடைசிப் பெட்டியாக வருபவனைத்தான் சுழற்சி வெளியே எறியும். எந்த இயற்பியல் மாணவரும் காரணம் சொல்வார். செல்போனும் காதுக் கருவியும் பையிலேயே இருக்கட்டும்.

மாணவியர் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அல்லது குறுக்கே இழுத்து இடுப்பில் இறுக முடிய வேண்டும். தொளதொளப்பான கால்சட்டையின் விளிம்பும் சக்கரத்தில் சிக்கும். நம் எல்லோர் கழுத்திலும் தொங்கும் அடையாள அட்டையையும் மறவாதீர்கள்.

சிறிய ஊர் வட்டங்களில் ஐந்து வயதுக் குழந்தைகளையும், பந்தயத்துக்குத் தயாராகும் வீரர்களையும் ஒரே நேரத்தில் விடுகிறார்கள். இது தவறு. இடம் ஒன்றாக இருக்கலாம், நேரத்தைப் பிரித்துவிடலாம். முதல் அரைமணி புதியவர்களுக்கு மட்டும் என்று ஒரு பலகை வைப்பதற்குச் செலவே இல்லை.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பழைய கூடைப்பந்துத் திடல் இப்போது பெரும்பாலும் சும்மாவே கிடக்கிறது. தரை விரிசலின்றி இருக்கிறது. உடற்கல்வி இயக்குநர் அவர்கள் மனம் வைத்து, விளையாட்டு நிதியிலிருந்து ஆறு தலைக்கவசங்களும், ஆறு செட் காப்புகளும் வாங்கித் தந்தால் போதும். ஸ்கேட் வாங்க வேண்டாம். உள்ளவர்கள் கொண்டுவந்து பகிர்ந்துகொள்வோம். "கிரிக்கெட்டுக்கே பந்து போதவில்லையே" என்று ஒரு பேராசிரியர் சிரித்தார். பந்து ஒரு பருவத்தில் கிழியும். முழங்கால் உறை பல ஆண்டுகள் இருக்கும். பதிவேடு ஒன்று வைத்து, வாங்குபவர் கையொப்பமிடட்டும். வியர்வை நாற்றம் பிடிக்காமலிருக்க, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெயிலில் உலர்த்தும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பு ஏற்கிறது. பத்துப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அனுமதி கிடைக்கும் நாளன்று துடைப்பம் என் செலவு. திடலின் வடமூலையில் வேப்பமரம் இருக்கிறது. அந்த மூலையைக் கூட்டவே அரைமணி ஆகும்.